யாருக்கு வாங்குறீங்கக்கா?

நாகப்பட்டினம் பக்கத்தில் குடியைப் பற்றி எந்தப் பேச்சு தொடங்கினாலும் அது கடைசியில் அரபு நாட்டில் போய் நிற்கும். "சவுதியில பாருங்க, ஒரு சொட்டு கெடைக்காது. குடிச்சான்னா கசையடி. அதான் அங்க பொம்பளைங்க நிம்மதியா இருக்காங்க." டீக்கடையில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், பெண்களே சொல்லிப் பெருமூச்சு விட்டும் கேட்டிருக்கிறேன். சொல்கிற ஆண்களில் பலர் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். சொல்லி முடித்த கையோடு நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்கு வண்டியை விடுகிறவர்களும் அவர்களில் உண்டு.

இந்தக் கட்டுரை அந்தப் பேச்சுக்கு மறுப்பு. குடிக்காதே என்று சட்டம் போட்ட ஊர்களெல்லாம் கொஞ்ச தூரத்தில் ஆண்களுக்கென்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சோதனை போடப்படுவது பெண்தான். ஆகவே குடிகாரக் கணவனிடம் அடி வாங்கும் பெண்ணின் கோபமும், கடைக்குப் போய் ஒரு பீர் வாங்க நினைக்கும் பெண்ணின் உரிமையும் எதிரெதிரானவை என்று நம்மிடம் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. இரண்டும் ஒரே வழக்கு.

எல்லையில் ஒரு ஊர்

நாகூருக்கு வடக்கே தமிழ்நாடு முடிந்து புதுச்சேரியின் காரைக்கால் மாவட்டம் தொடங்குகிற இடம் வாஞ்சூர். மேலவாஞ்சூர், கீழவாஞ்சூர் என்று இரண்டாகச் சொல்வார்கள். கீழவாஞ்சூரில் 2009 முதல் காரைக்கால் துறைமுகம் இயங்குகிறது. கப்பலில் வரும் நிலக்கரி அங்கே இறங்குகிறது. நாகூர் ஆண்டவர் தவமிருந்ததாக மக்கள் நம்பும் ஓர் இடமும் வாஞ்சூரில் இருக்கிறது. கந்தூரிக்கு வருகிறவர்கள் அங்கேயும் போய் வருவார்கள். ஆனால் டெல்டாவில் ஓர் ஆண் "வாஞ்சூர் வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று சொன்னால் கேட்பவருக்குத் துறைமுகமும் நினைவுக்கு வராது, தர்காவும் நினைவுக்கு வராது. பிராந்திக்கடைதான் நினைவுக்கு வரும்.

இந்தக் கடைகள் ஏன் அங்கே இருக்கின்றன என்பதற்கு வரலாறு உண்டு. 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. இந்தப் பக்கம் ராஜாஜி 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1954-இல் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள், ஆனால் அவர்கள் காலத்துச் சாராயக்கடை போகவில்லை. தமிழ்நாடு 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தியது, 1974-இல் திரும்பக் கொண்டுவந்தது, 1981-இல் மறுபடி தளர்த்தியது. இந்தப் பக்கம் கதவு மூடும்போதெல்லாம் அந்தப் பக்கம் வியாபாரம் பெருகியது. இப்போது இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது, இருந்தும் வண்டிகள் வடக்கேதான் போகின்றன. அங்கே விலை குறைவு, வகை அதிகம், சாராயமும் கள்ளும் ஏலம் எடுத்த கடையில் சட்டப்படி கிடைக்கும். தமிழ்நாட்டில் குடிக்க 21 வயதாக வேண்டும். எல்லையைத் தாண்டினால் 18 போதும். சில நூறு அடி நடந்தால் ஒரு பையனுக்கு மூன்று வயது கூடிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2003 முதல் சில்லறை விற்பனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு டாஸ்மாக் நடத்தும் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ள சட்டத்தின் பெயர் 'தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937'. விற்பனையைக் கவனிக்கும் துறையின் பெயரிலும் மதுவிலக்கு இருக்கிறது. 2023–24-இல் மதுவிலிருந்து அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். விலக்கு என்பது பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறது. அப்படியானால் அந்தச் சட்டம் யாரைப் பிடிக்கத்தான் பயன்படுகிறது என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

அவர்களுக்கும் ஒரு வாஞ்சூர்

முதலில் அந்த அரபு நாட்டைப் பார்த்துவிடுவோம். சவுதியில் மது கிடையாது என்பது உண்மை. சவுதிக்கும் பஹ்ரைனுக்கும் இடையே கடல்மேல் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலம் இருப்பதும் உண்மை. 1986-இல் திறந்தார்கள். பஹ்ரைனில் மது கிடைக்கும். வார விடுமுறை வந்தால் அந்தப் பாலத்தில் கார்கள் வரிசை கட்டும். அதாவது சவுதி ஆண்களுக்கும் ஒரு வாஞ்சூர் இருக்கிறது, பாலம்தான் கொஞ்சம் நீளம்.

அந்தப் பாலத்தில் சவுதிப் பெண்ணின் நிலை என்ன? 2018 ஜூன் வரை அவளால் சொந்த நாட்டில் கார் ஓட்ட முடியாது. 2019 வரை ஆண் காப்பாளரின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்குப் போக முடியாது. பாலம் திறந்து முப்பது வருடங்களுக்கு மேல் அது ஆண்கள் தாங்களாகவே போய் வரும் பாதை, பெண்கள் யாராவது கூட்டிப்போனால் போகும் பாதை. "அங்க பொம்பளைங்க நிம்மதியா இருக்காங்க" என்று சொல்கிறவர்கள் இந்த நிம்மதியைத்தான் நமக்கும் வேண்டும் என்கிறார்களா?

மற்ற இடங்களும் இப்படித்தான். ஷார்ஜாவில் கடை கிடையாது. ஒட்டியிருக்கும் அஜ்மானில் உண்டு. மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளில் மது இல்லை. சுற்றுலா விடுதிகள் இருக்கும் தீவுகளில் தாராளமாக உண்டு. சவுதியிலேயே 2024-இல் ரியாத் நகரத்தில் முஸ்லிம் அல்லாத தூதரக அதிகாரிகளுக்காக ஒரு கடை திறந்தார்கள். இது முஸ்லிம் நாடுகளின் குணம் என்று யாராவது கிளம்பினால் அவர்களுக்குக் குஜராத்தைக் காட்டுங்கள். 1960-இல் மாநிலம் உருவான நாள் முதல் மதுவிலக்கு. பக்கத்திலேயே டாமன், டையூ. வெளியூர்ப் பயணிக்கு அனுமதிச் சீட்டும் கொடுக்கிறார்கள். மதம் எதுவானாலும் ஏற்பாடு ஒன்றுதான்: நம் தெருவில் ஒழுக்கம், பக்கத்துத் தெருவில் கடை, நடுவில் போய்வர வசதி உள்ளவனுக்கு வழி.

போய்வர வசதி இல்லாதவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதற்கு 2025 ஆகஸ்டில் குவைத் சாட்சி சொன்னது. முழு மதுவிலக்கு உள்ள அந்த நாட்டில் மெத்தனால் கலந்த கள்ளச்சரக்கைக் குடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எல்லோரும் ஆசிய நாடுகளிலிருந்து வேலைக்குப் போனவர்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். இங்கே கடை திறந்திருந்தது, அங்கே மூடியிருந்தது. விஷம் இரண்டு இடத்திலும் கூலிக்காரர்களைத்தான் தேடிப் போனது.

பயணி குடிக்கலாம், பெண் குடித்தால்?

சுற்றுலா இணையப் பக்கங்களில் 'முஸ்லிம் நாட்டில் மது வாங்குவது எப்படி' என்று குறிப்புகள் இருக்கும். விடுதி மதுக்கூடத்தில் குடியுங்கள், தெருவில் குடிக்காதீர்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். ஆணுக்கு இந்த மூன்று போதும். பெண்ணுக்குப் போதாது என்பதை இரண்டு வழக்குகள் சொல்கின்றன.

கார்த்திகா சாரி தேவி சுகர்னோ என்ற மலேசிய முஸ்லிம் பெண் சிங்கப்பூரில் குடும்பத்தோடு வாழ்ந்தவர். விடுமுறைக்கு வந்த இடத்தில், பஹாங் மாநிலத்தின் ஒரு கடற்கரை விடுதியில் பீர் குடித்தபோது மத அலுவலர்களின் சோதனையில் பிடிபட்டார். 2009-இல் குவாந்தானில் உள்ள ஷரியா நீதிமன்றம் அவருக்கு 5,000 ரிங்கிட் அபராதமும் ஆறு பிரம்படியும் விதித்தது. உலகமே பேசிய பிறகு, 2010-இல் பஹாங் சுல்தான் பிரம்படியைச் சமூக சேவையாக மாற்றினார். அதே விடுதியில், அதே பீரைக் குடிக்கும் வெளிநாட்டுப் பயணிக்கும், முஸ்லிம் அல்லாத மலேசியருக்கும் அது குற்றமே இல்லை.

அடுத்தது துபாய், 2013. வேலை விஷயமாக வந்திருந்த நார்வே நாட்டைச் சேர்ந்த 24 வயதுப் பெண், தான் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் காவல்துறையிடம் போனார். நீதிமன்றம் அவருக்கே 16 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. திருமணத்துக்கு வெளியே உறவு, பொய் சொன்னது, அனுமதி இல்லாமல் குடித்தது ஆகியவை அவர்மீதான குற்றங்கள். பன்னாட்டு எதிர்ப்பு எழுந்த பிறகே மன்னிப்பு கிடைத்தது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருந்தும், மது தாராளமாக விற்கும் நகரத்தில், அவர் குடித்த மது அவருக்கு எதிரான ஆதாரமாக மாறியது. ஐக்கிய அரபு அமீரகம் 2020-இல் அனுமதி இல்லாமல் குடிப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. நல்லது. ஆனால் 'அவள் குடித்திருந்தாளா?' என்ற கேள்வி துபாயில் பிறந்ததும் இல்லை, அங்கே சாகப்போவதும் இல்லை. சென்னையிலும் கோவையிலும் பாலியல் புகார் கொடுக்கப் போகும் பெண்ணிடம் அது முதல் கேள்வியாக இருக்கிறது.

மதம் மாறினாலும் நிலை மாறுவதில்லை. பௌத்தர்கள் பெரும்பான்மையாக உள்ள இலங்கையில், மதுக்கடையில் பெண்ணுக்கு விற்கக் கூடாது என்று 1979-இல் ஒரு விதி போட்டார்கள். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை நீக்கச் சொன்னார். பெண்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இந்தியாவில் மதுபானம் பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று 1914-ஆம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டம் சொன்னதை நம் உச்ச நீதிமன்றம் 2007-இல்தான் ரத்து செய்தது. பெண்ணைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் அவள் வாழ்க்கையைச் சுருக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். 2009-இல் மங்களூரில் ஒரு மதுக்கூடத்துக்குள் புகுந்து பெண்களைத் துரத்தித் துரத்தி அடித்தவர்கள் கையில் எந்தச் சட்டமும் இருக்கவில்லை. தேவையும் படவில்லை.

செக்போஸ்டில் பெண்கள்

இப்போது வாஞ்சூருக்குத் திரும்புவோம். புதுச்சேரியில் பெண் மது வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒருமுறை நானும் என் தோழியும் காரைக்காலில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது எல்லைப் பக்கத்துக் கடை ஒன்றில் இரண்டு பீர் கேட்டோம். விற்பவர் மரியாதையாகத்தான் பேசினார். "யாருக்கு வாங்குறீங்கக்கா? அண்ணன் வரலியா?" எங்களுக்குத்தான் என்று தோழி சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, செய்தித்தாளில் சுற்றி, கருப்புப் பையில் போட்டு, "சீக்கிரம் போயிருங்க" என்றார். அதற்குள் பின்னால் நின்ற ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துவிட்டார்.

அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அதற்குள் ஓர் உலகம் இருக்கிறது. பெண் கடைக்கு வரலாம், அண்ணனுக்கு வாங்க வரலாம், அப்பாவுக்கு வாங்க வரலாம். எத்தனை வீடுகளில் பத்து வயதுப் பெண் பிள்ளையை அனுப்பி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள்! சுமக்கும் பெண் யார் கண்ணையும் உறுத்தவில்லை. தனக்கென்று வாங்கும் பெண்தான் உறுத்துகிறாள். புத்தாண்டு இரவில் தள்ளாடும் ஆயிரம் ஆண்களை விட்டுவிட்டு ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துப் படம் எடுக்கும் கேமராக்கள் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. பணமிருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். பெருநகரத்து மாலில் உள்ள எலைட் கடையில் கூடையை எடுத்துக்கொண்டு பெண் தானே தேர்ந்தெடுக்கிறாள், யாரும் எதுவும் கேட்பதில்லை. நாற்று நட்டுவிட்டு வந்து உடம்பு வலிக்கு ஒரு கிளாஸ் சாராயம் குடிக்கும் கிழவியைப் பார்த்துச் சிரிப்பார்கள், திரைப்படத்தில் நகைச்சுவைக் காட்சி ஆக்குவார்கள். நடுவில் இருக்கும் பெண்ணுக்குத்தான் கருப்புப் பை.

அதே எல்லையில் இன்னொரு பெண் இருக்கிறாள். 'காரைக்கால் சாராயம் கடத்திய பெண் கைது' என்ற செய்தியை நாகை மாவட்டத்தில் பத்திரிகை படிக்கிற எவரும் பார்த்திருப்பார்கள். துணிப்பையில், இடுப்பில், காய்கறிக்கு அடியில் பாக்கெட்டுகளை வைத்துக்கொண்டு பேருந்தில் வந்து பிடிபட்டவள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் யாரைப் பிடிக்கிறது என்று கேட்டேனே, இவளைத்தான். அதற்கும் மேலே குண்டர் சட்டம் இருக்கிறது. 1982-இல் வந்த அந்தச் சட்டத்தின் நீளமான பெயரில் முதலில் வருவதே கள்ளச்சாராயம் விற்பவர்கள்தான். இந்த வியாபாரத்தில் மொத்த வியாபாரி இருக்கிறார், வண்டி வைத்திருப்பவர் இருக்கிறார், கண்டும் காணாமல் விடுபவர் இருக்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கத்து அரசு கலால் வரியில் சம்பாதிக்கிறது, இந்தப் பக்கத்து அரசு டாஸ்மாக்கில் சம்பாதிக்கிறது. இருவரும் விற்கும் பொருளைச் சில்லறையாகச் சுமந்தவள் புகைப்படத்தோடு செய்தியில் வருகிறாள். அவள் செய்தது சரி என்று நான் வாதிடவில்லை. அவளை மட்டும் காட்டுவது ஏன் என்று கேட்கிறேன்.

மூன்றாவது பெண் எல்லைக்கே வருவதில்லை. வீட்டில் இருக்கிறாள். வாஞ்சூரிலிருந்து வரும் வண்டிச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு என்று கணிக்கத் தெரிந்தவள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா, சோற்றுப் பானையை ஒளித்துவைக்க வேண்டுமா என்பதை அந்தச் சத்தம் அவளுக்குச் சொல்லிவிடும்.

இந்த மூவரையும் தனித்தனியாக நிறுத்தி, ஒருத்தியைக் காட்டி மற்றவளை மிரட்டுவதுதான் நம் ஊரின் மது அரசியல். மூன்றாவது பெண்ணின் கண்ணீரைக் காட்டி முதல் பெண்ணிடம் "ஒனக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்பார்கள். குடித்துவிட்டு அடித்தவனிடம் அந்தக் கேள்வி போவதே இல்லை.

தாய்மார்கள் என்ற பட்டம்

மதுவுக்கு எதிரான போராட்டத்தைப் பெண்கள்தான் முன்னின்று நடத்தினார்கள். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை நாகம்மையாரும் கண்ணம்மாளும் நடத்தினார்கள். 1992-இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்ற பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அந்தத் தீ ஆந்திரா முழுக்கப் பரவி, 1995-இல் முழு மதுவிலக்கு வந்தது. இரண்டே வருடத்தில், 1997-இல், அரசு அதைக் கைவிட்டது. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் டாஸ்மாக் கடைக்கு எதிராகச் சாலையில் உட்கார்ந்த பெண் ஒருவரைக் காவல்துறை உயர் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை மாநிலமே காணொளியில் பார்த்தது.

இந்தப் பெண்களை மேடையில் 'தாய்மார்கள்' என்கிறார்கள். தாய்மார்கள் அழலாம், கெஞ்சலாம், ஓட்டுப் போடலாம். ஆனால் "எங்கள் தெருவில் கடை வேண்டாம்" என்று அதிகாரத்தோடு சொன்னால் அறை விழும். அவர்கள் கேட்டது என்னவென்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அவர்கள் கேட்டது புனிதம் இல்லை. கூலியில் பாதியாவது வீட்டுக்கு வர வேண்டும், இரவு ஏழு மணிக்குப் பிறகு அந்தத் தெருவில் நடக்க வேண்டும், அடி விழக் கூடாது. இவை காசு, தெரு, உடம்பு பற்றிய கோரிக்கைகள். இரண்டு பீர் வாங்கப் போன என் தோழி கேட்பதும் அதே மூன்றைத்தான்: என் காசு, என் தெரு, என் உடம்பு.

குடி நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பார்க்கட்டும். அடிக்கடி போதையில் இருக்கும் கணவனின் மனைவிகளில் பத்துக்கு ஏழு பேர் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். குடி வன்முறையைப் பெருக்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் குடிக்கவே குடிக்காத கணவனின் மனைவிகளிலும் ஏறத்தாழ நான்கில் ஒருத்தி அடி வாங்குகிறாள். அவன் எதைக் குடித்துவிட்டு அடித்தான்? அதே ஆய்வின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 18.8 விழுக்காட்டினர் குடிக்கிறார்கள், பெண்களில் 1.3 விழுக்காட்டினர். அந்த 1.3-ஐப் பற்றித்தான் கலாச்சாரம் கெட்டுப்போனது என்று இத்தனை கூட்டம் போடுகிறார்கள்.

சட்டப் புத்தகம்கூட இந்த ஆண்களைவிட நேர்மையாக இருந்திருக்கிறது. தானாக விரும்பிக் குடித்தவனுக்குப் போதை ஒரு சாக்கு ஆகாது என்று 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 85, 86-ஆம் பிரிவுகளில் சொன்னது. ஆனால் காவல் நிலையத்தில் நமக்குக் கிடைக்கும் சட்டம் வேறு. "போதையில அடிச்சிட்டான்மா, காலைல தெளிஞ்சதும் சரியாயிருவான், போ." ஆண் குடித்தால் அவன் குற்றம் குறைகிறது. பெண் குடித்தால் அவளுக்கு இழைக்கப்பட்ட குற்றமே அவள் தலையில் விழுகிறது. சவுதிக்கும் சாமளாபுரத்துக்கும் பொதுவான சட்டம் இந்த ஒன்றுதான்.

இரண்டு கேள்விகளுக்குப் பதில்

"அப்படீன்னா பொண்ணுங்களும் குடிக்கணும்னு சொல்றீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை. மது ஈரலைக் கெடுக்கும். மார்பகப் புற்றுநோய் உட்படப் பல புற்றுநோய்களோடு அதற்குத் தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது என் வயிற்றுக்கும் பொருந்தும், கேட்பவர் வயிற்றுக்கும் பொருந்தும். உடல்நலத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் இருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பெண்ணைப் பார்த்ததும் ஈரலை மறந்து மானத்தைப் பற்றிப் பேசுவதைத்தான் மறுக்கிறேன். குடிப்பதால் ஒருத்தி விடுதலை அடைந்துவிடுவதில்லை. குடிப்பவளைத் தண்டிக்கும் ஊரில் குடிக்காதவளும் விடுதலையாக இல்லை, அவளும் அதே கண்களின் காவலில்தான் இருக்கிறாள்.

"முஸ்லிம் பெண்கள் குடிப்பதில்லையே, அவர்களும் அடிமைகளா?" என்று வேறு திசையிலிருந்து ஒரு கேள்வி வரும். தன் நம்பிக்கையால் மதுவைத் தொடாமல் இருக்கும் நாகூர்ப் பெண்ணின் முடிவு அவளுடையது; அதில் என் தோழியின் முடிவுக்கு உள்ள அதே மதிப்பு உண்டு. அவள் மார்க்கம் மதுவை விலக்கியது ஆணுக்கும் சேர்த்துத்தான். அவள் வீட்டு ஆண் எல்லை தாண்டிப் போய்வரும்போது "ஆம்பளை, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிற ஜமாத்தும், பக்கத்துத் தெருவில் அதையே சொல்லும் ஊர்ப் பஞ்சாயத்தும், பங்குக் கூட்டமும் அவளிடம் மட்டும் கணக்குக் கேட்பதைத்தான் நாம் பேச வேண்டும். கார்த்திகாவுக்குப் பிரம்படி என்றபோது எதிர்த்து நின்றவர்களில் மலேசியாவின் முஸ்லிம் பெண்ணியவாதிகள் முன்வரிசையில் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே தோழிகளே, "முழு மதுவிலக்கா, குடிக்கும் உரிமையா, எந்தப் பக்கம் நிற்கிறாய்?" என்று கேட்டு யாராவது நம்மைப் பிரித்தால் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கொடுங்கள். மூடச் சொன்னாலும் திறக்கச் சொன்னாலும் முடிவெடுப்பது ஆண்களாகவும் விலை கொடுப்பது பெண்களாகவும் இருக்கும் வரை இரண்டும் நமக்கு ஒன்றே. நம் கோரிக்கைகளை நாமே எழுதுவோம்.

தெருவில் கடை வேண்டாம் என்று பெண்கள் கிராமசபையில் நிறைவேற்றும் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்த வேண்டும். அதைக் கோப்பில் போட்டு மூடக் கூடாது. 2005-இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் புகாரைப் 'போதையில் நடந்தது' என்று திருப்பி அனுப்பும் காவலர்மீது நடவடிக்கை வேண்டும். அரசு மருத்துவமனைகளின் குடி மீட்பு சிகிச்சை பிரிவுகளில் பெண்களுக்கென்று படுக்கை வேண்டும், ஏனென்றால் குடிநோயில் விழுந்த பெண்ணை வீடு மறைத்துவைக்கிறது. பத்துப் பாக்கெட் சுமந்தவள்மீது குண்டர் சட்டம் போடுவதை நிறுத்தி, அவளிடம் கொடுத்து அனுப்பியவனைப் பிடிக்க வேண்டும். கடையில் நிற்கும் பெண்ணை அனுமதி இல்லாமல் படம் எடுத்துப் பரப்புகிறவன்மீது வழக்குப் பதிய வேண்டும்.

இவற்றில் ஒன்றுக்கும் அரபு நாட்டுச் சட்டம் தேவையில்லை. நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் இருக்கும் இரண்டு ஆட்சியர் அலுவலகங்களும், இரண்டு காவல்துறைகளும், சென்னையிலும் புதுச்சேரியிலும் உட்கார்ந்திருக்கும் இரண்டு அரசுகளும் மனம் வைத்தால் போதும். அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு இந்தப் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். குடிக்கிறவள், குடிக்காதவள், குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டவள், பாக்கெட் சுமந்து கேஸ் வாங்கியவள் எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுங்கள்.